வெள்ளத்தாய் அழுத நாள்

இப்போது போர்ட் பிளேரிலும் சென்னையிலுமாகச் சிதறிக் கிடக்கிற பவழத்துறைக்காரர்கள் எங்காவது ஒரு கல்யாண வீட்டில் சந்தித்துக்கொண்டால், பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "அடுப்பு எரிஞ்ச காலத்துல நாமெல்லாம் எவ்வளவு நல்லவங்களா இருந்தோம்" என்று சொல்வார், மற்றவர்கள் மறுபேச்சில்லாமல் தலையாட்டுவார்கள். அது உண்மைதான். அப்படி ஒரு நல்லகாலம் எங்களுக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

பவழத்துறை என்பது அந்தமான் கடலில் வரைபடக்காரர்கள் புள்ளி வைத்துவிட்டுப் பெயரெழுத மறந்த ஒரு தீவின் கிழக்குக் கரை. ராமநாதபுரத்துக் காய்ந்த பூமியிலிருந்து கப்பலேறியவர்களும், ரங்கூனிலிருந்து நடந்தே திரும்பி வந்து சொந்த ஊரில் படுக்க இடமில்லாமல் மறுபடி கிளம்பியவர்களும், இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பிவைக்கப்பட்டவர்களும் அங்கே இறங்கி, சர்க்கார் காட்டிய காட்டை வெட்டி, தென்னையும் பாக்கும் வைத்து, தங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து ஒரே ஊராக ஆகியிருந்தார்கள். எதிரே, நீரோட்டத்துக்கு அப்பால், கூம்பாக ஒரு மலைத்தீவு நின்றது. அதன் உச்சி கரிபிடித்துக் குழிந்திருந்ததால் முதலில் வந்தவர்கள் அதற்கு அடுப்பு என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அவர்கள் வந்த நாளிலிருந்து அது எரிந்ததில்லை. பிள்ளைகள் மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்து, மலையைப் பார்க்காமலேயே பெரியவர்களானார்கள்.

அந்த ஊரில் படகுத்துறைக்கு எதிரே தகரக்கூரை போட்ட தையல்கடை வெள்ளத்தாயினுடையது. நாற்பதை நெருங்கிய வயது, தடித்த கைகள், ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பைவிடப் பேர்போனது அவளுடைய அழுகை. பிள்ளை பிறந்தால் அழுவாள், பிள்ளைக்குப் பல் முளைத்தால் அழுவாள், வாடகைக்கு வந்த வீடியோப் படத்தில் கதாநாயகி வாசலைத் தாண்டுவதற்குள் அழத் தொடங்கிவிடுவாள். சாவு வீடுகளில் அவள் வந்து உட்காரும்வரை யாருக்கும் சரியாக அழவராது. நெஞ்சடைத்து உட்கார்ந்திருக்கிறவர்களின் தோளைப் பிடித்து அவள் ஒரு குரல் எடுத்தால் போதும், கல்லாகிக் கிடந்தவர்களும் கரைந்துவிடுவார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் உடையப்பன், தனிப்படகில் மீனுக்குப் போகிறவன், குறைவாகப் பேசுகிறவன், அவள் அழும்போது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டிருப்பவன்.

பஞ்சாயத்துத் தலைவரான பிரதான் கோட்டைச்சாமியின் மகள் கல்யாணமாகிக் கப்பலேறிய காலையில் வெள்ளத்தாய் படகுத்துறையில் நின்று முந்தானை நனைய அழுதாள், எதிரே அடுப்பின் உச்சியிலிருந்து ஒரு முழம் புகை எழுந்து நின்றது. அவள் வளர்த்த வெள்ளாடு பாம்பு கடித்துச் செத்த அன்று புகையோடு சாம்பலும் வந்து, காயப்போட்டிருந்த கொப்பரை மேலெல்லாம் மாவு தூவியதுபோல் படிந்தது. பொங்கலுக்குப் போட்ட படத்தில் கடைசியில் அண்ணன் செத்துப்போக, வீடியோக் கொட்டகைக்குள் அவள் விசும்புவதும் வெளியே மலை உறுமுவதும் ஒன்றுபோலக் கேட்டது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தவன் உடையப்பன்தான். காசிம் காக்காவின் தேநீர்க்கடையில் உட்கார்ந்து, இன்றைக்குச் சூரை மீன் கிடைக்கவில்லை என்று சொல்வதைப்போல, "நம்ம வீட்டுக்காரி அழுதா அடுப்பு எரியுது" என்று சொன்னான்.

கடையில் இருந்தவர்கள் எட்டி மலையைப் பார்த்தார்கள்.

"வெங்காயம் நறுக்குனாலுமா?" என்று கேட்டார் காசிம் காக்கா.

அது நியாயமான கேள்வி என்று எல்லோருக்கும் பட்டதால், அன்று சாயங்காலமே பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு முன்னால் வெள்ளத்தாயை உட்காரவைத்து ஒரு கூடை வெங்காயம் நறுக்கச் சொன்னார்கள். அவள் கண்ணும் மூக்கும் ஒழுக நறுக்கித் தள்ளினாள், மலை சும்மா இருந்தது. வெங்காயத்துக்கு இல்லை என்று ஊர் தெரிந்துகொண்டது. அந்த வெங்காயத்தை வீணாக்காமல் எல்லோருக்கும் வடை சுட்டுக் கொடுத்தார்கள்.

அதன் பிறகுதான் அந்தக் காலம் தொடங்கியது. வெள்ளத்தாயின் காதில் விழுந்துவிடக்கூடாது என்பதற்காகப் புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் தென்னந்தோப்புக்குள் போயின; தோப்புக்குள் நடந்துபோய்ச் சேர்வதற்குள் பாதிச் சண்டைகளுக்குக் காரணம் மறந்துபோயிற்று. அவள் கடைக்கு முன்னால் யாரும் பிள்ளையை அடிக்கவில்லை, நாயைக்கூட விரட்டவில்லை. வீடியோக்காரர் சோகப் படங்களின் கடைசி அரைமணி நேரத்தைப் போடாமல் நிறுத்திவிட்டு, எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள் என்று தானே எழுந்து நின்று சொன்னார். சாவுச் செய்தியை அவளிடம் ஒரேயடியாகச் சொல்லாமல் தவணையாகச் சொன்னார்கள்: முதல் நாள் ஒருவர் வந்து உடம்புக்குக் கொஞ்சம் முடியவில்லையாம் என்பார், அடுத்த நாள் இன்னொருவர் வந்து சோறு இறங்கவில்லையாம் என்பார், அதற்கடுத்து வருகிறவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார், அவள் புரிந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அழுவாள், மலையும் கொஞ்சம் கொஞ்சமாகப் புகைந்து அடங்கும். ஒருமுறை அவளைப் போர்ட் பிளேருக்கு அனுப்பி அங்கே அழவைத்துப் பார்த்தார்கள். அவள் எங்கே போய் அழுதாலும் மலை இங்கேதான் எரிந்தது.

உடையப்பன் மட்டும் அவளிடம் அழுகையை அடக்கச் சொல்லவில்லை. அவன் காற்றைப் பார்த்தான். மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்தால் சாம்பல் கடலுக்குப் போய்விடும். கிழக்கேயிருந்து கொண்டல் அடித்தால் ஊர்மேல் விழும். ஆகவே கச்சான் அடிக்கிற நாளில் மீன்பிடித்துத் திரும்பியதும் அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு ஓரமாகக் கொஞ்சதூரம் போய், "இன்னிக்குக் காத்து நல்லாருக்கு, அழுவுறதுன்னா அழுதுக்க புள்ள" என்பான். சேர்த்துவைத்ததையெல்லாம் அவள் அழுது தீர்ப்பாள். கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவர்கள் இருவரும் சின்னதாகத் தெரிவார்கள், அதற்குப் பின்னால் மலையின் புகை சாய்ந்து சாய்ந்து கிழக்கே போகும். எங்களில் பலருக்கு அந்தமான் என்றால் இன்றும் கண்ணில் நிற்பது அந்தக் காட்சிதான்.

மலை எரிகிற செய்தி வெளியே போனதும், அதைக் கண்காணிக்கச் சொல்லிப் போர்ட் பிளேர் அலுவலகத்திலிருந்து ஹெலன் சுகிர்தா வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், முப்பது வயதுக்காரி, மண்ணியல் படித்தவள். மரப்பெட்டிகளில் கருவிகளோடு இறங்கியவளைக் கோட்டைச்சாமி மரியாதையாக அழைத்துப்போய், மலையைப் பார்த்தவாறிருந்த ஒரு வீட்டைக் காட்டிவிட்டு, "மலையைப் பாக்கத்தானே வந்தீங்க மேடம்? அப்ப முதல்ல வெள்ளத்தாயப் பாத்துருங்க" என்றார்.

சுகிர்தா சிரித்துக்கொண்டே போனாள். ரவிக்கை அளவு கொடுத்துக்கொண்டு நிற்கும்போது வெள்ளத்தாய் அவளுடைய அம்மாவைப் பற்றி விசாரித்தாள்.

"அம்மா இல்லைங்க. எனக்கு ரெண்டு வயசுல போயிட்டாங்க. அவங்க குரல்கூட எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள் சுகிர்தா, பலமுறை சொல்லிப் பழகிய சாதாரணக் குரலில்.

வெள்ளத்தாயின் கையிலிருந்த அளவுநாடா நின்றது. கண் நிறைந்தது. தரை ஒருதரம் அதிர்ந்து, மேசைமேலிருந்த நூல்கண்டுகள் உருண்டன. சுகிர்தா வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். மலைக்குமேல் சாம்பல் நிறத்தில் பூவாகப் புகை விரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஓடிவந்து, "அழாதீங்கக்கா, அழாதீங்க, எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.

"எப்படிப் புள்ள நல்லாருப்ப, ஆத்தா குரலே தெரியாம" என்று வெள்ளத்தாய் மூக்கை உறிஞ்சினாள். வெளியே மலை இன்னொருதரம் இருமியது.

சுகிர்தா அதை உள்ளபடியே எழுதி அனுப்பினாள். விடுப்பு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்திலிருந்து கனிவாகப் பதில் வந்தது. அதற்குப் பிறகு அவள் கருவிகள் காட்டியதை மட்டும் வயர்லெஸ்ஸில் அலுவலகத்துக்குச் சொன்னாள். காலையில் படகெடுத்து மலைத்தீவுக்குப் போய் வெந்நீர் ஊற்றின் சூட்டை அளப்பாள், சரிவில் ஓடிய வெடிப்புகளுக்கு நடுவே குச்சி நட்டு அகலம் பார்ப்பாள், திரும்பி வந்து தையல்கடையில் ஒரு தேநீர் குடிப்பாள். எது அலுவல், எது தேநீர் என்று நாளாக ஆக அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெள்ளத்தாயை அக்கா என்றாள், உடையப்பனை அண்ணன் என்றாள். கருவிகளைக் கேட்பதற்கு முன்னால் உடையப்பனிடம் காற்றைக் கேட்டாள்.

ஒரு கொண்டல் காலத்தில், காலையில் மலைக்குப் பின்பக்கம் மீனுக்குப் போன உடையப்பன் திரும்பவில்லை.

மத்தியானத்துக்குமேல் கடல் கெட்டது. மறுநாள் ஊர்ப்படகுகள் எல்லாம் தேடப்போயின. கடற்காவல் கப்பலும் தேடியது. பலகையோ வலையோ எதுவும் அகப்படவில்லை. எதுவும் அகப்படாததால் ஊர் தன்னால் முடிந்ததைச் செய்தது. "பர்மாப் பக்கம் ஒதுங்கியிருப்பான். அங்க புடிச்சு வச்சிருப்பாங்க. விசாரிச்சிட்டு விட்டுருவாங்க" என்று கோட்டைச்சாமி வெள்ளத்தாயிடம் வந்து சொன்னார். அப்படிப் பிடிபட்டுத் திரும்பியவர்களின் பெயர்களைக் காசிம் காக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். ஊர் முழுக்க ஒருவர் பின் ஒருவராக வந்து அதையே சொன்னது. வெள்ளத்தாய் எல்லோருக்கும் மோர் கொடுத்து, "ஆமா, வந்துருவாரு" என்றாள். அவள் அழவில்லை.

மலையும் அமைதியானது. எப்போதும் உச்சியில் நூல்போல நின்ற ஆவிகூட நின்றுபோய், வந்த புதிதில் பார்த்த அணைந்த அடுப்பாக அது மறுபடி ஆயிற்று. அதைப் பார்த்து ஊருக்கு உயிர் வந்தது. உடையப்பன் செத்திருந்தால் வெள்ளத்தாயின் மனசுக்குத் தெரியாமலா இருக்கும், அவள் மனசுக்குத் தெரிந்தால் மலைக்குத் தெரியாமலா இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். "மலையே சொல்லுதே, உசுரோட இருக்கான்னு" என்று ஒருவருக்கொருவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். காலையில் எழுந்ததும் வாசலில் வந்து நின்று மலையைப் பார்த்து, புகை இல்லை என்று நிம்மதியாக வாய் கொப்பளித்தார்கள். முன்பு புகைக்குப் பயந்து பார்த்தவர்கள், இப்போது ஒரு மனிதன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்பதற்காகப் பார்த்தார்கள்.

சுகிர்தா மட்டும் நிம்மதியாக இல்லை. ஆளையே முழுங்கிவிடும் அகலத்துக்கு வெடிப்புகள் விரிந்திருந்தன. வெந்நீர் ஊற்று வற்றிப்போயிருந்தது. மலைத்தீவின் கரையில் எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கும் பவழப்பாறைகள் வெளியே வந்து, வெயிலில் வெளுத்து நாறின. புகையில்லை, அதிர்வில்லை, சத்தமில்லை. ஆனால் மலை வீங்கிக்கொண்டிருந்தது.

கொண்டல் முடிந்து கச்சான் காலம் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம் அவள் தையல்கடைக்குப் போனாள். வெள்ளத்தாய் பள்ளிக்கூடச் சீருடைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கு மேலாகவே தைத்து அடுக்கியிருந்தாள்.

"அக்கா, மலை வீங்குது."

தையல் எந்திரத்தின் மிதி நிற்கவில்லை. "எம்புட்டு?"

"ஒரு ஆள் உசரம்."

"அம்புட்டுத்தானா?" வெள்ளத்தாய் துணியைத் திருப்பிப் போட்டாள். "இன்னும் கூட இருக்கும்னு நெனச்சேன்."

சுகிர்தா துணிக்கட்டின் மேலேயே உட்கார்ந்தாள். "எப்பலேருந்து தெரியும்க்கா?"

"அன்னிக்கே. கடலு கெடுறதுக்கு முன்னாடியே. உலை வச்சிட்டு அரிசி போட்டேன், ஒரு ஆளுக்குத்தான் போட்டுருக்கேன். நான் யோசிக்கவே இல்ல புள்ள. கை தானா அளந்து போட்டுருச்சு."

"ஏன் அழல?"

வெள்ளத்தாய் மிதியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பதைப்போல. "கொண்டல் காத்துல்ல அடிச்சுது அப்ப? சாம்பல் பூராம் ஊருமேலயில்ல விழும். கச்சான் வரட்டும்னு இருந்தேன். கச்சான் வந்துச்சு. ஆனா அதுக்குள்ள ஒண்ணு வெளங்கிருச்சு, வாயத் தொறந்தா இது புகையோட நிக்காது. பள்ளிக்கூடம் இருக்கு. கைப்புள்ளைங்க இருக்கு. அதோட, எல்லாரும் அவரு இருக்காருன்னு சந்தோசமா இருக்காங்க. நான் அழுதா அவங்களுக்கும்ல அவரு செத்துருவாரு."

சுகிர்தா அவள் கையைப் பிடித்தாள். அடுப்புக்கல் போல அது சுட்டது. "அடக்கி வச்சா நாளைக்கு இன்னும் பெருசா வரும்க்கா. நீங்க நெனைக்கிற நாள்ல வராது. அது நெனைக்கிற நாள்ல வரும்."

"அப்பச் சரி. ஊருல சொல்லிரு" என்றாள் வெள்ளத்தாய், தன் பாரத்தில் ஒரு பங்கை இறக்கிவைத்தவளாக, மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.

பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஊர் கூடியது. சுகிர்தா சொன்னதைக் கேட்டதும் முதலில் அங்கே விழுந்தது உடையப்பன் செத்த செய்திதான். மலையை அப்புறம்தான் நினைத்தார்கள். ஆண்கள் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். பிறகு வீடு, மரம், ஆடு மாடு என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இவ்வளவு நாள் பொறுத்தவள், தேங்காய் வெட்டு முடியும்வரை பொறுக்கட்டுமே என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிறது என்றார் இன்னொருவர். கூரை மாற்றி ஒரு மாதம்தான் ஆகிறது என்று ஒரு குரல் வந்தது. ஓரமாக உட்கார்ந்திருந்த வெள்ளத்தாய் எல்லாவற்றுக்கும், "சரி, பொறுத்துக்கறேன். முடிச்சுக்கங்க" என்றாள்.

அப்போது கோட்டைச்சாமியின் மனைவி பஞ்சவர்ணம் எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"எங்காத்தா செத்தப்ப எனக்கு அழுவை வரல. மூணு நாள் ஒரு பொட்டுத் தண்ணி கண்ணுல வரல. பைத்தியம் புடிச்சிரும்னு கெடந்தேன். இவ வந்து என் தோளப் புடிச்சு அழுதா, அப்புறம்தான் எனக்கு வந்துச்சு. இங்க உக்காந்திருக்கிற எந்த வீட்டுல இவ வந்து அழுவல? சொல்லுங்க பாப்போம். இப்ப அவ வீட்டுல எழவு. தேங்காய் வெட்டிட்டு வாரோம், அதுவரைக்கும் அடக்கிக்கன்னு சொல்றீங்க."



"கூரை போனா வேற கூரை போடலாம்" என்று முடித்துவிட்டுப் பஞ்சவர்ணம் உட்கார்ந்தாள், உடனே வெட்கம் வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அப்படியானால் ஊர் கிளம்பிப் போய்விட்டு வெள்ளத்தாயைத் தனியாக விட்டு அழச்சொல்வதா என்று காசிம் காக்கா கேட்டார். கோட்டைச்சாமி நிமிர்ந்தார். "எழவு வீட்டுல ஒருத்தியத் தனியா அழவிட்டுப் போற ஊரா நம்ம ஊரு? அவ எங்க அழுதாலும் மலை இங்கதான் எரியும். நம்மகூட வரட்டும். கப்பல்லயே அழுவட்டும். நாம இருக்கோம்."

அதன்பின் வேலைகள் மளமளவென்று நடந்தன. மலை வீங்கியிருப்பதைச் சுகிர்தா வயர்லெஸ்ஸில் விளக்கமாகச் சொல்ல, கப்பல் அனுப்பினார்கள். ஆடுமாடுகளை முதலிலேயே படகுகளில் ஏற்றிப் பக்கத்துத் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊர்க் கரையோரப் பாறைகளும் மேலெழுந்துவிட்டதால் கப்பலால் துறைக்கு வரமுடியாமல் தூரத்தில் நின்றது. படகுகள் போய்ப்போய் வந்தன. பெண்கள் வீட்டைக் கூட்டி, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். இனித் திறக்கப்போவதில்லை என்று தெரிந்த கதவை எதற்காகச் சாத்துகிறோம் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. சிலர் மரங்களைத் தொட்டுவிட்டு வந்தார்கள். பஞ்சவர்ணமும் சில பெண்களும் சேர்ந்து எலுமிச்சைச் சாதம் கிளறிப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டார்கள்.

கப்பலின் மேல்தளத்தில் சமுக்காளம் விரித்து, வெள்ளத்தாயை நடுவில் உட்காரவைத்து, எழவு வீட்டில் உட்காருவதைப்போலப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆண்கள் கம்பியோரம் நின்றார்கள். சுகிர்தா தொலைநோக்கியும் காமிராவும் மடியில் வைத்துக்கொண்டு மலையைப் பார்க்கத் தோதாக ஓரிடத்தில் உட்கார்ந்தாள். அவள் இந்தத் தீவுக்கு வந்ததே இதைப் பார்க்கத்தான். எல்லோரும் தயாராக இருந்தார்கள். வெயில் ஏறியது.

வெள்ளத்தாய்க்கு அழுகை வரவில்லை.

அவள் முயன்று பார்த்தாள். பஞ்சவர்ணம் அவள் தோளைப் பிடித்து ஒரு குரல் எடுத்துப் பார்த்தாள், அது பாதியில் நின்றது. கூடியிருந்த பெண்கள் உடையப்பனின் குணங்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். வெள்ளத்தாய் சுற்றிலும் பார்த்து, விருந்தாளிகளை உட்காரவைத்துவிட்டு உலை வைக்க மறந்தவள்போலச் சங்கடமாகச் சிரித்தாள். "வரமாட்டேங்குது. இம்புட்டுப் பேரக் கூட்டியாந்துட்டு... வரமாட்டேங்குதே" என்றாள். கைப்பிள்ளைகள் பசிக்குச் சிணுங்கின. கப்பல் தலைவர் வந்து எவ்வளவு நேரம் இங்கேயே நிற்பது என்று பணிவாகக் கேட்டார். மலை ஒரு பாவமும் அறியாததுபோல் நின்றது.

கோட்டைச்சாமி பெருமூச்சு விட்டு, சரி, கப்பலைக் கிளப்பலாம், கரையில் யாரும் விடுபடவில்லையே என்று ஒருதரம் பார்த்துக்கொள்வோம் என்று, ஒலிபெருக்கியை வாங்கி ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டார். ஒவ்வொரு குடும்பமும் வந்தாச்சு என்றது. முடித்துவிட்டுப் பழக்கதோஷத்தில் சத்தமாகக் கேட்டார்:

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு" என்றது ஊர்.

"வரல" என்றாள் வெள்ளத்தாய்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"எல்லாரும் வரல" என்று அவள் மெதுவாக, ஒரு தவறைத் திருத்துகிறவள்போலச் சொன்னாள். "அவரு வரலையே. அவரு வரல. ஐயா, என் ராசா வரலையே..."

அந்தக் குரல் அப்போது வந்தது. அத்தனை நாள் நாங்கள் எங்கள் எழவு வீடுகளில் கேட்டிருந்த குரல் அதற்கு ஓரமாகக்கூட வராது. பஞ்சவர்ணம் அவளைத் தாவிப் பிடித்தாள், பெண்கள் ஒருவர்மேல் ஒருவராக அவளைச் சுற்றிக்கொண்டார்கள், கம்பியோரம் நின்ற ஆண்கள் வந்து சமுக்காளத்தின் விளிம்பில் உட்கார்ந்து தலையில் கைவைத்து அழுதார்கள். காசிம் காக்கா அழுதார், வீடியோக்காரர் அழுதார், பெயர்கூடத் தெரியாத கப்பல் சிப்பந்திகள் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதார்கள். பெரிய சத்தம் ஒன்று வந்தது. கப்பல் ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. வெளிச்சம் மங்கி மத்தியானம் அந்தி மாதிரி ஆயிற்று. மேலே மெத்தென்று எதுவோ விழுந்து எல்லோர் தலையும் நரைத்தது. பெண்கள் வெள்ளத்தாயின் முகத்தில் படிந்ததை முந்தானையால் துடைத்துத் துடைத்து விட்டார்கள், அவள் உடையப்பனிடம் சொல்ல நினைத்து விட்டுப்போனதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள், சின்னச் சண்டைகளைச் சொன்னாள், பிள்ளை இல்லாத ஏக்கத்தை அவன் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாததைச் சொன்னாள், படகில் அவன் பீடியை உருட்டிக்கொண்டு அவள் அழுது முடிக்கக் காத்திருந்ததைச் சொன்னாள்.

நெடுநேரம் கழித்து அவள் குரல் தேய்ந்து, விசும்பலாகி, நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது" என்றாள். பஞ்சவர்ணம் பொட்டலத்தைப் பிரித்தாள். அப்போதுதான் எல்லோருக்கும் பசி தெரிந்தது. சாம்பல் விழுந்த சோற்றைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டுச் சாப்பிட்டோம். உப்புக் கொஞ்சம் தூக்கல் என்றாள் வெள்ளத்தாய். பேசாமல் சாப்பிடு என்றாள் பஞ்சவர்ணம்.

பவழத்துறை அந்தச் சாம்பலுக்கடியில் போயிற்று. தென்னைகளின் கொண்டைகள் மட்டும் வெளியே தெரிந்ததாகப் பின்னால் படகில் போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள். எங்களுக்கு வேறு வேறு தீவுகளில் இடம் கொடுத்தார்கள். பிள்ளைகள் படித்து மெயின்லேண்டுக்குப் போனார்கள். வெள்ளத்தாய் போர்ட் பிளேர் கடைத்தெருவில் ஒரு தையல்கடை வைத்து, முதுமை வரை நன்றாக அழுதாள், நன்றாகச் சிரித்தாள், எந்த மலையும் அவளைப் பொருட்படுத்தவில்லை. நாங்கள் மறுபடி சாதாரண மனிதர்களாகி, வாசலிலேயே சண்டை போட ஆரம்பித்தோம்.

சுகிர்தாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் கடலில் யாரும் பார்த்திராத பெரிய வெடிப்பு, அவ்வளவு பக்கத்தில் அதைப் பார்க்கிற வாய்ப்பு அவளுக்கு மட்டும்தான் கிடைத்தது என்று சொல்லி மேலதிகாரி நல்ல மனிதராக, ஆர்வமாக, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். புகை எவ்வளவு உயரம் எழுந்தது என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. நெருப்பு உச்சியிலிருந்து வந்ததா, பக்கவாட்டில் பிளந்து வந்ததா என்று கேட்டார். அதுவும் தெரியவில்லை. காமிராவில் ஒரு படமும் இல்லை. கப்பலில் இருந்த வேறு யாரையாவது விசாரிக்கலாமா என்றார். எங்களைக் கேட்டிருந்தாலும் பயனில்லை. அந்தக் கப்பலில் இருந்த ஒருவர்கூட வெள்ளத்தாயை விட்டு மலைப் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை, ஆனால் நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "ஏம்மா, பாக்குறதுதானே உன் வேலை?"

"ஆமா சார்" என்றாள் சுகிர்தா. "பாத்துக்கிட்டுத்தான் சார் இருந்தேன்."